டாக்டர் ஹூ 2005: பழைய கதையோட தொடர்ச்சியா, ரீபூட்டா? இனிமே ரீபூட் வருமா?

உங்க கேள்விய மேலோட்டமா பாத்தா ஒரு வரிதான், காலத்துல பயணம் பண்ற டாக்டர்ங்கற வேத்து கிரக ஆளோட கதைய சொல்ற பிபிசி டிவி சீரிஸ் டாக்டர் ஹூ, 2005-ல திரும்ப வந்தது 1963-ல ஆரம்பிச்ச பழைய சீரிஸோட தொடர்ச்சியா இல்ல ரீபூட்டா, அதாவது பழச விட்டுட்டு முதல்ல இருந்து புதுசா எடுத்ததா. ஆனா கீழ நீங்க எழுதியிருக்கறத படிச்சா கேக்க வந்தது கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. ஒரு ஃப்ரெண்டு "பழசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, 2005-ல இருந்து பாரு போதும்"ங்கறாரு, இன்னொருத்தர் "எல்லாம் ஒரே கதைதான்"னு சாதிக்கறாரு, 2024-ல டிஸ்னி ப்ளஸ்ல திறந்து பாத்தா மறுபடி "சீசன் 1"-னு போட்டிருக்கு, 2025 மே கடைசியில, 2005-ல ரோஸ்ங்கற பாத்திரத்துல நடிச்ச பில்லி பைப்பர் முகத்தோட சீசன முடிச்சதுல இருந்து "அடுத்தது கண்டிப்பா ரீபூட்தான்"னு ஆளாளுக்கு அடிச்சு விடறாங்க. இதுல எது உறுதி, எது ஊகம், எது வெறும் ஆசை, இத எப்படி பிரிச்சு பாக்கறதுன்னுதான் நீங்க கேக்கறீங்கன்னு எடுத்துக்கறேன்.

முதல் பாதிக்கு பதில் சின்னது. 2005 தொடர்ச்சிதான், அதே ஆளு, அவரோட கால யந்திரம் அதே டார்டிஸ், 1963-ல லண்டன்ல ஒரு பழைய இரும்புக் கடை யார்டுல நின்ன அதே நீல போலீஸ் பெட்டி. இதுல இப்போ சந்தேகத்துக்கே இடமில்ல. ஆனா உங்க முதல் ஃப்ரெண்டு சொல்றதையும் முழுசா தள்ள முடியாது, ஏன்னா முதல் ரெண்டு வருஷம் இந்த சீரிஸ எடுத்தவங்க புது ஆடியன்ஸ் முன்னாடி இது ஒரு ரீபூட் மாதிரியே நடந்துக்கணும்னு ரொம்ப கவனமா பாத்துக்கிட்டாங்க. கதை தொடர்ச்சி, உக்காந்து பாக்கறவனுக்கு புது ஆரம்பம். இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்ங்கறது ஃபேன் சண்டைகள்ல பாதி பேருக்கு பிடிபடவே இல்ல.

நான் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். ரொம்ப வருஷமா டிவி சீரியல் ஸ்டோரி டிபார்ட்மென்ட்ல குப்பை கொட்டறவன், யாருக்கு யாரு என்ன உறவு, எந்த எபிசோட்ல யாரு எந்த ரகசியத்த தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு நோட் வெச்சு மெயின்டெயின் பண்றது என் வேலையில ஒரு பாகம். டாக்டர் ஹூ சொந்தமா பாத்தது, படிச்சது. பிபிசி உள்ள எனக்கு யாரையும் தெரியாது, லீக் எதுவும் என்கிட்ட கிடையாது, அதனால இந்த பதில்ல "உள்வட்டாரத் தகவல்" தேடாதீங்க. ஆனா தொடர்கதை எழுதற ரூம்ல ஒரு முடிவு எப்படி வருதுன்னு தெரியும், அதுவும் கன்டின்யூட்டி சம்பந்தப்பட்ட முடிவு பெரும்பாலும் கதையில இருந்து வரவே வராது, டேட்ஸ்ல இருந்து வரும், ரைட்ஸ்ல இருந்து வரும், பட்ஜெட்ல இருந்து வரும், கதை அப்புறமா அதுக்கு ஏத்த மாதிரி வளையும். இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா ஃபேன் ஊகங்கள்ல எது தேறும் எது தேறாதுன்னு ஓரளவுக்கு கணிக்கலாம்.

டாக்டர் ஹூவோட அஸ்திவாரமே அப்படி வந்ததுதான். 1966-ல முதல் டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியல, சீரிஸ நிறுத்தவும் மனசில்ல, அதனால அந்த பாத்திரமே உடம்ப மாத்திக்கிட்டு வேற ஆளா எழுந்திரிக்கும்னு ஒரு யோசனை. நம்ம ஊரு சீரியல்ல "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு கார்டு போட்டுட்டு அடுத்த சீனுக்கு போவோம்ல, அத அவங்க கதைக்குள்ளயே கொண்டு வந்து அறுபது வருஷத்துக்கு ஒரு சாமர்த்தியமான வழிய போட்டுக்கிட்டாங்க. ஹீரோ மாறலாம், டோன் மாறலாம், எடுக்கற டீம் மொத்தமா மாறலாம், எதுக்கும் ரீபூட் தேவையில்ல. இத ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசி கேள்விக்கு இது வேணும்.

இப்போ 1989-க்கு வருவோம். டிசம்பர் 6-ந் தேதியோட இருபத்தாறு சீசன் முடிஞ்சு சீரிஸ் நின்னு போச்சு, ஏழாவது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய். அதுக்கப்புறம் அத திரும்ப கொண்டு வர அமெரிக்காவுல ஃபிலிப் சீகல்னு ஒரு தயாரிப்பாளர் பல வருஷம் அலைஞ்சாரு. அந்த முயற்சியில 1994 வாக்குல ஜான் லீக்லினு ஒரு ரைட்டர் தயார் பண்ண ஸ்டோரி பைபிள் (மொத்த கதைக்கும் வழிகாட்டியா எழுதற நோட்டு) அப்பட்டமான ரீபூட். டாக்டர் காணாம போன தன் அப்பாவ தேடி அலையறாரு, அப்பா பேரு யுலிஸிஸ், பழைய சீரிஸ்ல வர்ற போருசாங்கற டைம் லார்ட் (டாக்டரோட இனத்துக்கு இதான் பேரு) இதுல தாத்தா. அது நடந்திருந்தா இன்னிக்கி நாம பேசிக்கிட்டு இருக்கற கேள்வியே வேற. அது தள்ளுபடியாகி, ரைட்டர் மாறி, 1996 மே மாசம் ஃபாக்ஸ் சேனல்ல வந்த டிவி படம் நேரெதிரா அசல் தொடர்ச்சியா வந்துச்சு. மெக்காயே வந்து, சான் ஃப்ரான்சிஸ்கோவுல சுடப்பட்டு, ஆஸ்பத்திரியில செத்து, பால் மெகானா எழுந்திரிக்கறாரு. பழைய ஃபேன்ஸுக்கு கண்ணு கலங்குச்சு. முன்ன பின்ன பாக்காத அமெரிக்கக்காரனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு யோசிங்க, ஆரம்பத்துலயே யாரோ ஒருத்தர் வாய்ஸ் ஓவர்ல வேத்து கிரகத்துல நடந்த மரண தண்டனை பத்தி சொல்றாரு, ஹீரோன்னு நெனச்ச ஆளு கொஞ்ச நேரத்துல சாவறாரு, அப்புறம் வேற ஒருத்தர் வந்து நான்தான் அவர்ங்கறாரு. பிரிட்டன்ல 90 லட்சம் பேர் பாத்தாங்க, அமெரிக்காவுல எடுபடல, சீரிஸா தொடரவும் இல்ல. தொடர்ச்சியா இருந்ததால தோத்துச்சுன்னு நான் சொல்ல வரல, தொடர்ச்சிய முதல் காட்சியிலயே தலையில கொட்டினதால தோத்துச்சுங்கறது என் கணிப்பு.

2003-ல நிலைமை இன்னும் குழப்பம். ஜூலையில பிபிசி வெப்சைட் காரங்க ரிச்சர்ட் ஈ கிராண்ட்தான் அதிகாரப்பூர்வமான ஒன்பதாவது டாக்டர்னு ஒரு அனிமேஷன் வெப் சீரிஸ அறிவிச்சாங்க. செப்டம்பர் 26 அன்னிக்கி பிபிசி டிவி காரங்க, ரஸ்ஸல் டி டேவிஸ் எழுத்துல சீரிஸ் திரும்ப வருதுன்னு அறிவிச்சாங்க. ஒரே பிபிசி, ரெண்டு கை, ரெண்டு ஒன்பதாவது டாக்டர். (அந்த அனிமேஷன்ல ஒரு துண்டு வேஷத்துக்கு குரல் குடுத்த ஒரு ஸ்காட்லாந்து நடிகர் பேரு டேவிட் டென்னன்ட், அடுத்த ரெண்டு வருஷத்துல அவரே டாக்டர், அது தனிக்கதை.) ஃபேன்ஸ் மத்தியில அப்போ ஓடின ஊகம் கொஞ்ச நஞ்சம் இல்ல. 1989-க்கு அப்புறம் வந்த நாவல்கள் கணக்குல வருமா, 1999-ல இருந்து பிக் ஃபினிஷ் கம்பெனி போட்ட ஆடியோ டிராமா கணக்குல வருமா, மெகான் வந்து உருமாறிக் காட்டுவாரா, இல்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்தா. நாவல் படிச்சு வளந்தவங்க "தொடர்ச்சிதான் வரணும்"னாங்க, எண்பதுகளோட கடைசி சீசன்கள நெனச்சு வெக்கப்பட்டவங்க "ரீபூட் பண்ணாதான் உருப்படும்"னாங்க. கவனிச்சீங்களா, ரெண்டு பக்கமும் நடக்கப்போறத கணிக்கல, தனக்கு என்ன வேணுமோ அத கணிப்புன்னு பேர் போட்டு சொன்னாங்க. இன்னிக்கும் இந்த வியாதி அப்படியேதான் இருக்கு.

2004 மார்ச்ல கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன் பேர அறிவிச்சப்போ பிபிசி அவர ஒன்பதாவது டாக்டர்னு சொல்லுச்சு. தொழில் தெரிஞ்சவனுக்கு அந்த இடத்துலயே பாதி விடை கிடைச்சிருச்சு, ஏன்னா ஒன்பதுன்னு எண்ணனும்னா எட்டு பேர ஒத்துக்கணும், எட்டாவது ஆளு மெகான். ரீபூட் பண்றவன் எண்ண மாட்டான்.

அப்புறம் 2005 மார்ச் 26, "ரோஸ்" எபிசோட். இத கொஞ்சம் கிட்ட இருந்து பாக்கணும், ஏன்னா ஒரே எபிசோட்ல ரெண்டு கட்சிக்கும் ஆதாரம் வெச்சிருக்காங்க. லண்டன்ல துணிக்கடையில வேலை பாக்கற பத்தொன்பது வயசு பொண்ணு ரோஸ், கதை முழுக்க அவ கண்ணு வழியாதான் போகுது, டாக்டர் யாருன்னு அவளுக்கு தெரியாது, அதனால நமக்கும் தெரிய வேண்டியதில்ல. அவ வீட்டுக்கு வர்ற டாக்டர் அங்க இருக்கற கண்ணாடியில தன் மூஞ்சிய பாத்துட்டு, பரவால்ல, ஆனா காது இருக்கே அப்படிங்கற மாதிரி ஒரு கமெண்ட் அடிக்கறாரு. ரெண்டு செகண்டு சமாச்சாரம். புதுசா பாக்கறவன் இத ஒரு ஜோக்கா எடுத்துக்கிட்டு போயிருவான். பழைய ஃபேன் சோபாவுல நிமிந்து உக்காருவான், ஏன்னா தன் மூஞ்சிய முதல் தடவை பாக்கற மாதிரி பாக்கறாருன்னா இப்பதான் உருமாறி இருக்காருன்னு அர்த்தம், அப்போ இதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் இருந்திருக்காரு, தொடர்ச்சி உறுதி. சரின்னு அதே எபிசோட்ல கொஞ்சம் தள்ளி போனா கிளைவ்னு ஒரு ஆளு, டாக்டர் பத்தி தகவல் சேத்து வெச்சிருக்கறவரு, ரோஸுக்கு படங்கள எடுத்து காட்டறாரு. 1963-ல கென்னடி சுடப்பட்ட இடத்துல கூட்டத்துல டாக்டர், 1912-ல டைட்டானிக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு குடும்பத்தோட டாக்டர், 1883 கிரகடோவா எரிமலை சமயத்து ஸ்கெட்ச்ல டாக்டர். எல்லாத்துலயும் எக்கல்ஸ்டன் முகம் மட்டும்தான், ஹார்ட்னல் இல்ல, எழுபதுகள்ல டாக்டரா இருந்த சுருள் முடி டாம் பேக்கர் இல்ல. இப்பதான் உருமாறினவர் எப்படி இத்தன இடத்துக்கு போயிருக்க முடியும், அப்போ இவரு ஒரே முகம் உள்ள புது டாக்டர், ரீபூட் உறுதி! இந்த ரெண்டு காட்சியையும் வெச்சு ஃபேன்ஸ் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க, நடுவுல எப்பவாவது ரோஸ விட்டுட்டு தனியா போயிட்டு வந்திருப்பாருன்னு சமாதானமும் கண்டுபிடிச்சாங்க. என் அபிப்பிராயம் கேட்டா, படங்கள்ல ஒரே முகம் இருந்ததுக்கு காரணம் ரொம்ப சாதாரணமானது. அந்த காட்சியில ரோஸுக்கு "இந்த ஆளுதான் எல்லா காலத்துலயும் இருக்கான்"ங்கற அதிர்ச்சி வரணும், அதுக்கு அவ அடையாளம் கண்டுக்கற முகம்தான் வேணும். வேற எட்டு பேர் படத்த காட்டினா அவளுக்கும் புரியாது, முதல் தடவை பாக்கற ஒரு கோடி பேருக்கும் புரியாது. அன்னிக்கி பிரிட்டன்ல பாத்தவங்க 1 கோடியே 8 லட்சம் பேர், அதுல குழந்தைங்க எத்தன பேருக்கு டாம் பேக்கர தெரிஞ்சிருக்கும்.

வில்லன் விஷயத்துலயும் அதே வேலை. கடை பொம்மைங்க உயிரோட எழுந்து ஆளுங்கள கொல்றது 1970-ல மூணாவது டாக்டர் ஜான் பெர்ட்வீ காலத்துல வந்த ஆட்டான்கள். ஆனா எபிசோட் முழுக்க ஆட்டான்ங்கற பேர யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, எண்ட் டைட்டில்ல மட்டும் வரும். தெரிஞ்சவனுக்கு பரிசு, தெரியாதவனுக்கு எந்த இடைஞ்சலும் இல்ல. ரெண்டாவது எபிசோட்லதான் தான் ஒரு டைம் லார்ட், தன் கிரகம் போர்ல அழிஞ்சு போச்சுன்னு சொல்றாரு. ஆறாவது எபிசோட்ல ஒரு கோடீஸ்வரனோட மியூசியத்துல கண்ணாடி கூண்டுல பழைய வில்லனான ஒரு சைபர்மேனோட தலை, 1975-ல வந்த டிசைன்ல, டாக்டர் அது முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறாரு. உருமாற்றம்ங்கற விஷயமே சீசன் கடைசி எபிசோட்லதான், ஜூன் 18-ந் தேதி. காலிஃப்ரேங்கற அவரோட சொந்த கிரகத்தோட பேரு எப்ப வந்துச்சு தெரியுமா, 2006 கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்ல, அதாவது இருபத்தெட்டாவது எபிசோட்ல! ஒரு ரைட்டரா இந்த பொறுமைய பாத்து எனக்கு பொறாமையே வரும். நாங்கள்லாம் முதல் வாரத்துலயே குடும்ப மரத்த வரைஞ்சு காட்டி ஆடியன்ஸ விரட்டற ஆளுங்க.

சந்தேகத்துக்கு முடிவு கட்டினது 2006 ஏப்ரல். எழுபதுகள்ல டாக்டர் கூட பயணம் பண்ண சாரா ஜேன் ஸ்மித்தா எலிசபெத் ஸ்லேடனே திரும்ப வந்து, டென்னன்ட் முன்னாடி நின்னு, ஏன் என்ன விட்டுட்டு போனன்னு கேட்டப்போ ரீபூட் கட்சி கடைய மூடிருச்சு. அதுக்கப்புறம் 2007-ல ஒரு நோட்டு புத்தகத்துல பழைய டாக்டர்கள் முகம் ஸ்கெட்சா வந்துச்சு, 2008 கிறிஸ்துமஸ்ல பத்து பேர் முகமும் வரிசையா திரையில ஓடுச்சு. அதனால இது முழுசா உறுதியான பகுதி, யாராவது இன்னும் 2005 தனி கதைன்னு சொன்னா அவங்க முதல் சீசனோட நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம்.

ஆனா பெரிய விஷயத்துல சரியா சொன்னவங்க கூட விவரத்துல எப்படி கோட்டை விட்டாங்கன்னு பாருங்க. மெகான்தான் எக்கல்ஸ்டனா மாறினாருங்கறது எட்டு வருஷமா ஃபேன்ஸ் மத்தியில கேள்வியே கேக்காத உண்மை. எட்டுக்கு அப்புறம் ஒன்பது, இதுல என்ன ஊகம் வேண்டிக் கிடக்கு? அந்த உருமாற்றத்த டாக்டர் ஹூ மேகசினோட காமிக்ஸ்ல காட்டிக்கங்கன்னு அவங்களுக்கு ஆஃபர் கூட வந்துச்சு, கூட வந்த நிபந்தனைகள் ஒத்து வராததால பத்திரிகை வேண்டாம்னுடுச்சு, அந்த காட்சி அந்தரத்துல நின்னுச்சு. 2013-ல ஐம்பதாவது வருஷ ஸ்பெஷலுக்கு அப்போதைய ஷோரன்னர் (சீரிஸ மொத்தமா நடத்தறவர்) ஸ்டீவன் மொஃபட் கூப்பிட்டப்போ எக்கல்ஸ்டன் வர மறுத்துட்டாரு. அவ்வளவுதான், நடுவுல ஜான் ஹர்ட் நடிச்ச போர் டாக்டர்னு யாரும் கேள்விப்படாத ஒருத்தர் முளைச்சாரு, அந்த நவம்பர்ல ஏழு நிமிஷ குறும்படத்துல மெகான் உருமாறினது எக்கல்ஸ்டனா இல்ல, ஹர்ட்டா. ஒரு நடிகரோட "முடியாது" எட்டு வருஷ உறுதிய ஒரே நாள்ல கவுத்துருச்சு. எங்க ஸ்டோரி டிஸ்கஷன்ல இது மாசத்துக்கு ஒரு தடவை நடக்கற சமாச்சாரம். அதே குறும்படத்துல மெகான் சாகறதுக்கு முன்னாடி தன் பழைய தோழர்கள் பேர சொல்றாரு, சார்லி, லூசி, மோலின்னு வரிசையா, எல்லாம் பிக் ஃபினிஷ் ஆடியோவுல மட்டும் வந்தவங்க. ஆடியோ கணக்குல வராதுன்னு பத்து வருஷம் வாதாடினவங்க மூஞ்சிய அன்னிக்கி பாத்திருக்கணும்.

ரைட்ஸ் எப்படி கதைய முடிவு பண்ணுதுன்னு ஒரு உதாரணம். டாக்டரோட பரம எதிரியான டாலெக் இல்லாத டாக்டர் ஹூவ நெனச்சு பாக்க முடியுமா? ஆனா டாலெக்க உருவாக்கின டெரி நேஷனோட எஸ்டேட் கூட 2004 ஜூலையில பேச்சு முறிஞ்சு போச்சு, டாலெக் வராதுன்னே செய்தி வந்துச்சு. டாலெக் எபிசோடுக்கு மாற்றா வேற ஒரு உருண்டை ஜந்துவ யோசிச்சு வெச்சிருந்தாங்க, ஆகஸ்ட்ல ஒப்பந்தம் ஆனதால டாலெக் தப்பிச்சுது, அந்த உருண்டை யோசனை 2007-ல வேற பேர்ல வந்துச்சு. அந்த ஒரு மாசம் ஃபேன்ஸ் "டாலெக் இல்லன்னா இது ரீபூட்தான்"னு தீர்ப்பு எழுதிட்டாங்க. அது வக்கீல்களோட பேரம், கதையோட திசை கிடையாது.

ரீபூட் எப்ப நிஜமாவே வரும்னு தெரிஞ்சுக்க அதே 2003-ல பக்கத்து வீட்ட பாக்கலாம், பேட்டில்ஸ்டார் கேலக்டிகாங்கற அமெரிக்க விண்வெளி சீரிஸ். 1978 சீரிஸ்ல அப்பல்லோவா நடிச்ச ரிச்சர்ட் ஹாட்ச் தொடர்ச்சி வேணும்னு சொந்த காசுல ட்ரெய்லர் எடுத்து ஊர் ஊரா காட்டினாரு. 2001-ல பிரையன் சிங்கர், டாம் டிசான்டோ கூட்டணியில ஒரு தொடர்ச்சி நிஜமாவே கிளம்பி, செட் போடற அளவுக்கு போச்சு, செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் தள்ளிப் போய், சிங்கர் எக்ஸ்-மென் படத்துக்கு போயிட, ஃபாக்ஸும் கைய விட்டுருச்சு. அந்த இடத்துக்கு ரொனால்ட் டி மூர் வந்து 2003 டிசம்பர்ல முழு ரீபூட் குடுத்தாரு. பழசுல ஆம்பளையா இருந்த ஸ்டார்பக்ங்கற பாத்திரம் பொண்ணா மாறினதுக்கு ஃபேன்ஸ் கொந்தளிச்சு "பேருக்கு மட்டும் கேலக்டிகா"ன்னு பட்டப்பேர் வெச்சாங்க. அங்க ரீபூட்டுக்கு நியாயம் இருந்துச்சு. கப்பல் தலைவர் அடாமாவா நடிச்ச லார்ன் கிரீன் 1987-லயே இறந்துட்டாரு, 1980-ல எடுத்த தொடர்ச்சியில கப்பல் தேடிப் போன பூமிக்கே வந்து சேந்துருச்சு, அதுக்கு மேல அந்த பயணக் கதைய எங்கிருந்து எடுக்கறது? முகத்த மாத்திக்கற வசதி அடாமாவுக்கு கிடையாதே. (ஹாட்ச் அப்புறம் அதே ரீபூட்ல டாம் ஸாரெக்கா நடிச்சு பேர் வாங்கினது நல்ல முடிவு.) 2009 ஸ்டார் ட்ரெக் படம் மூணாவது வழி, பழைய ஸ்பாக்கா லெனர்ட் நிமோய கூட்டிட்டு வந்து, காலக்கோடு பிரிஞ்சுருச்சுன்னு சொல்லி, பழசையும் அழிக்காம புதுசாவும் ஆரம்பிச்சாங்க. வக்கீல் மூளை.

இன்னொரு விஷயம், வயசு கணக்கு, அட்லாண்டிஸ் கணக்கு மாதிரி முரண்பாடுகள வெச்சு ரீபூட்னு நிரூபிக்கறவங்கள நம்பாதீங்க. 1987-ல ஏழாவது டாக்டர் தன் வயசு 953-ன்னாரு, 2005-ல ஒன்பதாவது டாக்டர் தொள்ளாயிரம்ங்கறாரு, குறைஞ்சிருச்சு! ஆனா இதே சீரிஸ் 1967-லயும் 1971-லயும் 1972-லயும் அட்லாண்டிஸ் அழிஞ்சதுக்கு மூணு வேற வேற காரணம் சொன்ன சீரிஸ். நோட் வெச்சு மெயின்டெயின் பண்ற ஆளு அங்க யாரும் இருக்கல போல. பழைய சீரிஸே தனக்குத் தானே தொடர்ச்சியா இல்லாதப்போ புதுசுல முரண்பாடு இருக்கறது எதையும் நிரூபிக்காது.

இப்போ "சீசன் 1" விவகாரம். ஷூட்டி கட்வா டாக்டரா நடிச்ச 2024 சீசனுக்கு மறுபடி ஒண்ணுல இருந்து நம்பர் போட்டது டிஸ்னி ப்ளஸ்ல புதுசா வர்றவன் பதினாலாவது சீசன்னு பாத்து பயந்து ஓடக் கூடாதுங்கறதுக்காக, இத தாண்டி அதுல ஒண்ணும் இல்ல. அந்த "சீசன் 1" முடிஞ்சது யார வெச்சு? 1975-ல வந்த சூடெக்ங்கற வில்லன வெச்சு, குரல் குடுத்தது அதே கேப்ரியல் வுல்ஃப், ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழிச்சு. 2025-ல 1963-ஓட முதல் எபிசோட்ல பேத்தி சூசனா நடிச்ச கரோல் ஆன் ஃபோர்டே திரையில வந்தாங்க. சீசன் முடிவுல எழுபதுகளோட வில்லன் ஒமேகா, எண்பதுகளோட வில்லி ராணி (ஆமா, நம்ம ராணிதான், பேரே அதான்). நம்பர் ஒண்ணு போட்ட சீரிஸ் பழச இந்த அளவுக்கு தோண்டினா, நம்பர வெச்சு முடிவு பண்ணலாமான்னு நீங்களே சொல்லுங்க. உண்மைய சொன்னா அந்த சீசன்களோட குறை ரீபூட் பண்ணாதது இல்ல, 1996 டிவி படம் செஞ்ச அதே வேலைய கொஞ்சம் செஞ்சதுதான்னு எனக்கு படுது. ஒமேகா யாருன்னு தெரியாம உக்காந்திருக்கறவனுக்கு அந்த கடைசி எபிசோட்ல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல.

கடைசியா எதிர்காலம். உறுதியானது இவ்வளவுதான்: 2025 மே 31 எபிசோட்ல கட்வா உருமாறி பில்லி பைப்பர் முகம் வருது, டைட்டில்ல மத்த டாக்டர்களுக்கு போடற மாதிரி "டாக்டராக"ன்னு போடல, அறிமுகம் பில்லி பைப்பர்னு மட்டும் போட்டாங்க. அந்த அக்டோபர்ல டிஸ்னி விலகிருச்சு, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்பெஷல், எழுதறது ரஸ்ஸல் டி டேவிஸ்னு பிபிசி அறிவிச்சுது. இதுக்கு மேல "அவ டாக்டர் இல்ல, ரோஸ்தான்", "மொத்தமும் கனவு", "டைம்லெஸ் சைல்ட் கதைய அழிக்கத்தான் ரீபூட்"னு படிக்கறது எல்லாம் ஊகம். அந்த கடைசி ஒண்ணு ரொம்ப நாளா ஓடுது, 2020 மார்ச்ல டாக்டரோட பூர்வீகத்தையே மாத்தின எபிசோட் வந்ததுல இருந்து. அத பிடிக்காதவங்களுக்கு ரீபூட்ங்கறது ஒரு ரப்பர், பிடிக்காத பக்கத்த அழிக்க. ஆனா இந்த சீரிஸ்ல எதையும் அழிச்ச வழக்கம் இல்ல, பேசாம விட்டுடுவாங்க. 1996-ல டாக்டர் பாதி மனுஷன்னு ஒரு வசனம் வெச்சாங்களே, அது எங்க போச்சு? யாரும் மறுக்கல, யாரும் பெருசா தொடரவும் இல்ல. அதே கதிதான் இதுக்கும்னு நெனைக்கறேன்.

என் கணிப்புக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே சொல்றேன், முழு ரீபூட் வர வாய்ப்பு கம்மி. அறுபது வருஷ சொத்து, பழைய எபிசோட் லைப்ரரி, ஆடியோ, புத்தகம்னு எல்லாமே ஒரே ஆளோட கதையா விக்குது, அத வெட்டி விட பிபிசிக்கு என்ன லாபம்? முகத்த மாத்தினாலே புது ஆரம்பம் கிடைக்கற சீரிஸுக்கு வேற எதுக்கு மாத்தணும். என் கணக்கு தப்பாக ஒரே வழி, ரைட்ஸ் கையில புது பார்ட்னர் வந்து முழுக்க புது தொடக்கம் வேணும்னு கேக்கறது, 1994-ல கிட்டத்தட்ட அதான் நடந்துச்சு. அதனால அடுத்த தடவை செய்தி வந்தா தலைப்புல "புதிய தொடக்கம்"னு இருக்கா, சீசன் நம்பர் என்னன்னு பாக்காதீங்க, அத எந்த கம்பெனியும் எப்பவும் சொல்லும். யாரு பணம் போடறாங்க, புது டாக்டர எத்தனாவதுன்னு எண்ணி சொல்றாங்களா, பழைய நடிகர் யாராவது அதே பாத்திரத்துல ஒப்பந்தம் ஆயிருக்காங்களா, இத பாருங்க.

உங்களுக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு: 2005 "ரோஸ்"ல இருந்தே ஆரம்பிங்க, பழசு எதுவும் முன்கூட்டி பாக்க வேண்டாம். ஆறாவது எபிசோட்ல அந்த டாலெக்க பாத்ததுக்கு அப்புறம் ஆசை இருந்தா 1975-ல வந்த "ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்", ஆறு பாகம், டாம் பேக்கர், அத பாத்துட்டு திரும்ப வாங்க. 2024 சீசனோட கடைசி ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி சூடெக் வந்த அந்த 1975 கதை "பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்", நாலு பாகம். அறுபதுகளோட எபிசோட் நிறைய பிபிசியே டேப்ப அழிச்சு தொலைச்சிருச்சு, அதனால "முதல்ல இருந்து எல்லாத்தையும் வரிசையா பாத்துட்டுதான் வருவேன்"னு உக்காந்தீங்கன்னா அது யாராலயும் முடியாது, உங்க ரெண்டாவது ஃப்ரெண்டாலயும்தான்.